நீர்த்துறையில் அன்பும் அறிவும்

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களை வளப்படுத்தி, வங்கக் கடலோடு கலக்கின்றன. இப்பகுதி மக்கள் ஆற்றைத் தாயாகப் போற்றுபவர்கள். ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளன்று குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைக்குச் சென்று, காதோலையும் கருகமணியும் படைத்து, புது வெள்ளத்தை வணங்கி மகிழ்வர். மேலை நாட்டார் விடுமுறை நாள்களில் காட்டிலும் ஏரிக்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்குவர். நம்மவரோ புளியஞ்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரை மரநிழலில் பாய் விரித்து அமர்வர். முறை வேறாயினும் இன்பம் ஒன்றே.

இன்பம் தேடிச் சென்ற இடத்தில் சில வேளைகளில் பெருந்துன்பம் நேர்ந்துவிடுகிறது. அதற்கு ஆற்றின் சீற்றம் மட்டுமே காரணம் அன்று. நமது அறியாமையும் காரணமாகும்.

2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்திற்கு அருகேயுள்ள குச்சிப்பாளையம் என்னும் ஊரில், கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் தேங்கியிருந்த நீரில் சிறுமியரும் இளம்பெண்களுமாகச் சிலர் குளிக்கச் சென்றனர். அவர்களுள் உடன்பிறந்தாரும் இருந்தனர். ஆழமான பகுதியில் சிலர் சிக்கித் தத்தளித்தனர். அதைக் கண்ட மற்றவர்கள் மனம் பொறாமல் அவர்களைக் காக்க முயன்றனர். காக்கச் சென்றவர்களையும் நீர் விழுங்கிவிட்டது. எழுவர் உயிரிழந்தனர். அன்று ஆற்றில் பெருவெள்ளம் இல்லை, புயலும் இல்லை. அமைதியாகத் தேங்கி நின்ற நீரே ஏழு உயிர்களைக் கவர்ந்தது.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போது நம் உள்ளம் கலங்குகிறது. ஒருவரை ஒருவர் கைவிடாத அவர்களுடைய அன்பு உயர்ந்தது என்பதில் ஐயம் இல்லை. ஆயினும், அன்பு மட்டும் நீரில் மிதக்கச் செய்வதில்லை. அதற்கு அறிவும் துணை நிற்றல் வேண்டும்.

முதலில், ஆற்றின் இயல்பை அறிதல் வேண்டும். நீரின் மேற்பரப்பு சமமாக இருப்பதால் அடிநிலமும் சமமாக இருக்கும் என்று எண்ணுதல் தவறு. தடுப்பணையின் மேல் வழிந்து விழும் நீர், கீழே உள்ள மணலை அரித்துப் பள்ளம் பறித்துவிடும். மணல் அள்ளிய இடங்களிலும் ஆழ்ந்த குழிகள் இருக்கும். முழங்கால் அளவு நீரில் நிற்பவர், அடுத்த அடியிலேயே தலை மூழ்கும் மடுவில் விழக்கூடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் கூறியது இதுபற்றியே அன்றோ?

கொள்ளிடத்தின் இயல்பு வேறு. மேட்டூர் அணை நிரம்பிய காலத்தில், மிகுதியான நீரை முக்கொம்பு மேலணையிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பி விடுவர். அப்பொழுது சிதம்பரத்தின் பக்கம் வானம் தெளிவாக இருந்தாலும், ஆற்றில் நீர்மட்டம் உயரும். பழைய கொள்ளிடம் போன்ற நீர்நிலைகளில் முதலைகளும் வாழ்கின்றன. ஆகவே, கரையில் நட்டுள்ள எச்சரிக்கைப் பலகையைப் படித்த பின்னரும், ஊரார் சொல்லைக் கேட்ட பின்னரும் நீரில் இறங்குவதா வேண்டாவா என்று முடிவு செய்தல் நன்று.

இரண்டாவதாக, மூழ்குபவரின் நிலையை அறிதல் வேண்டும். நீரில் தத்தளிப்பவர் உரத்த குரலில் கூவி அழைப்பார் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறு இல்லை. மூச்சு விடுவதற்கே போராடுபவரால் கூவ முடியாது. வாய் நீர்மட்டத்தில் இருக்கும். கைகள் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். தலை பின்னே சாய்ந்திருக்கும். பெரும்பாலும் ஓசையின்றியே, ஓரிரு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். கரையில் பெரியவர்கள் இலை போட்டு உணவு பரிமாறிக்கொண்டிருக்க, பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருத்தல் கூடாது. குடும்பத்தோடு செல்லும்போது பெரியவர் ஒருவர், வேறு வேலையும் பேச்சும் இன்றி, நீரில் இருப்போரை மட்டுமே கண்காணித்தல் வேண்டும். சற்று நேரம் சென்றபின் மற்றொருவர் அப்பொறுப்பை ஏற்கலாம்.

மூன்றாவதாக, காக்கும் முறையை அறிதல் வேண்டும். உயிருக்குப் போராடுபவர் கையில் அகப்பட்ட எதையும் இறுகப் பற்றுவார். நெருங்கிச் சென்றவரின் கழுத்தைப் பற்றி அவரையும் கீழே அழுத்திவிடுவார். நீந்தத் தெரிந்தவருக்கே இது இடர் என்றால், நீந்தத் தெரியாதவர் நிலையைக் கூறவும் வேண்டுமோ? ஆகவே, பயிற்சி இல்லாதவர் நீரில் குதித்தல் கூடாது. கரையில் நின்றபடியே உதவுதல் வேண்டும். உரக்கக் கூவி ஆட்களை அழைக்க வேண்டும். தரையில் படுத்துக்கொண்டு நீண்ட கழியையோ சேலையையோ வேட்டியையோ நீட்டலாம். கயிற்றை வீசலாம். மூடியுள்ள வெறுங்குடம், நீர் இல்லாத பிளாஸ்டிக் கலம், வாழைத்தண்டு போன்ற மிதக்கும் பொருள்களை எறியலாம். ஆற்றங்கரைக்குப் புறப்படும்போது உணவு மூட்டையோடு நீண்ட கயிறு ஒன்றையும் எடுத்துச் செல்வது அறிவுடைமை. தீயணைப்பு மீட்புப் பணியாளரை 101 அல்லது 112 என்ற எண்ணிலும், மருத்துவ ஊர்தியை 108 என்ற எண்ணிலும் உடனே அழைக்க வேண்டும்.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறான முறைகளாகும். அவற்றால் அரிய நேரம் வீணாகிறது, தீங்கும் விளைகிறது. மூச்சு நின்றிருந்தால், வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதுதலும், மார்பின் நடுவே அழுத்துதலுமே செய்யத்தக்கவை. பள்ளிகளில் இயங்கும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம் ஆகியவற்றின் வாயிலாக முதலுதவிப் பயிற்சியை மாணவர்கள் பெறலாம்.

நீரில் மூழ்கி இறத்தல் நம் நாட்டிற்கு மட்டும் உரிய துன்பம் அன்று. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் இவ்வாறு உயிரிழந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் அவை, ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. பள்ளிச் சிறுவர்களுக்கு நீச்சலையும், தமக்கு இடர் நேராமல் பிறரைக் காக்கும் முறையையும் கற்பித்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரைகளுள் ஒன்று.

கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர், அக்கல்லே தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூரின் பக்கம் கரையேறினார் என்பது பெரியபுராண வரலாறு. கடலூரை அடுத்துள்ள கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகிறது. அடியார்க்குக் கல் தெப்பம் ஆயிற்று. நமக்கோ கயிறும் குடமும் கழியுமே தெப்பங்கள்.

மாணவர்களே! ஆற்றை வெறுக்க வேண்டா. அதனை அறிந்து பழகுங்கள். தக்கவர் துணையோடு நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தோழரோ, தம்பியோ, தங்கையோ நீரில் தத்தளிப்பதைக் கண்டால், உள்ளம் முன்னே பாயும். கால்கள் கரையிலேயே நிற்கட்டும். கைகள் கயிற்றை வீசட்டும். கரையில் உறுதியாக நிற்பவரே மூழ்குபவரைக் கரைக்கு இழுக்க வல்லவர்.