சில வேளை இயங்கும், சில வேளை இயங்காது: மின் ஸ்டார்ட்டரின் கோளாறும் அதனைக் கண்டறியும் முறையும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களிலும், வடக்கே பத்தாங் காலி முதல் களும்பாங் வரையிலும் உள்ள தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் பிரட்டுக்குச் செல்லவும், நிரையிலிருந்து பாலை ஸ்டோருக்குக் கொண்டுவரவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அதுவே துணை. 1996ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தின் கூருனில் உற்பத்தி தொடங்கிய மொடேனாஸ் கிறிஸ் போன்ற பழைய வண்டிகள் பல இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இத்தகைய வண்டிகளின் மின் ஸ்டார்ட்டர் ஒரு நாள் பொத்தானைத் தொட்டவுடன் இயங்கும். மறுநாள் வாய் திறவாது. பட்டறைக்குக் கொண்டுசென்றாலோ, நல்ல பிள்ளைபோல் உடனே இயங்கிவிடும்.

இந்நிலையில் நம்மவர்கள் முதலில் செய்வது புதிய பேட்டரி வாங்குவதாகும். புதிய பேட்டரி வலிமை மிக்கதாகையால் சில வாரங்களுக்குக் கோளாறு மறைந்திருக்கும். பின்னர் மீண்டும் தலைகாட்டும். பணம் செலவானதே மிச்சம். மின்சாரம் செல்லும் வழியில் எங்கோ ஒரு மூட்டு கெட்டிருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஸ்டார்ட்டரின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தும்போது சிறிதளவு மின்சாரமே அதன் வழியே செல்கிறது. அது ரிலே என்னும் கருவியைத் தூண்டுகிறது. ரிலே ‘டக்’ என்ற ஓசையுடன் மூடியதும், பேட்டரியிலிருந்து பெரிய மின்னோட்டம் தடித்த கம்பி வழியே ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாய்கிறது. ஆக, வழிகள் இரண்டு: மெல்லிய வழி ஒன்று, தடித்த வழி ஒன்று. எந்த வழியில் தடை உள்ளது என்பதை அறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதனை அறியக் கருவி ஏதும் வேண்டா. பிரேக் விளக்கே போதும். சில வண்டிகளில் முன்விளக்கு இயந்திரம் ஓடும்போது மட்டுமே எரியுமாதலால் அதனை நம்ப வேண்டாம். கோளாறு நேரும் அந்தக் கணத்திலேயே பிரேக்கை அழுத்தி, பின்புறம் ஒருவரை நிறுத்தி, பொத்தானை அழுத்துக. ஓசையும் இல்லை, விளக்கும் மங்கவில்லை எனில், மெல்லிய வழியில் தடை உள்ளது. பொத்தானின் உள்முனை, பியூஸ், கைப்பிடியின் கழுத்தருகே வளையும் கம்பிகள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். கைப்பிடியை இடமும் வலமும் திருப்பியவாறே அழுத்திப் பார்த்தால், உள்ளே முறிந்த கம்பி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கியர் நியூட்ரலில் இருந்தாலோ பிரேக்கை அழுத்தினாலோதான் இயங்கும் வண்டிகளும் உண்டு. நியூட்ரலின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அந்த ஸ்விட்சையும் ஐயுறுக.

‘டக்’ என்று ஒரு முறை மட்டும் கேட்டு, விளக்கு சிறிதும் மங்காதிருந்தால், ரிலேயின் உள்முனைகள் கருகியிருக்கலாம். அல்லது மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் இயந்திரம் சுழலாவிடில், அது மின்சாரக் கோளாறே அன்று. ஸ்டார்ட்டர் கிளட்ச் வழுக்குகிறது. அதனைப் பட்டறைக்கு விடுக.

‘டக் டக் டக்’ என்று படபடத்து, விளக்கும் அணையுமளவுக்கு மங்கினால்தான் பேட்டரியைப்பற்றி எண்ணவேண்டும். அப்பொழுதும் அவசரம் கூடாது. நண்பரிடமிருந்து மீட்டர் ஒன்றை இரவல் பெற்று, அதன் முனைகளைப் பேட்டரியின் ஈயத் தலைகளிலேயே வைத்து அளக்கவும். கம்பியின் காதில் வைக்கலாகாது. நிறைவாக மின்னேற்றிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டோ சற்று மேலோ காட்டும். பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கு மிகக் கீழே விழுந்தால் பேட்டரி வலுவிழந்துள்ளது. முதலில் மின்னேற்றிப் பாருங்கள். விளக்கு மங்கியும் ஈயத் தலைகளில் 11, 12 வோல்ட் நிற்குமாயின் பேட்டரி குற்றமற்றது. பேட்டரி முனைகளின் இணைப்போ, சட்டத்தோடு சேரும் எர்த் கம்பியோதான் குற்றவாளி.

இம்மூட்டுகள் நம் தோட்டங்களில் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகின்றன? மழையும், ஜெராம் பக்கத்துக் கடற்காற்றின் உப்பும் ஒரு காரணம். ஆனால் பால் வெட்டுவோருக்கு மட்டுமே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பால் உறைந்துவிடாதிருக்க நாம் எடுத்துச்செல்லும் அமோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும் தன்மையுடையது. ஈரக்காற்றில் அது செம்பின்மேல் பச்சையும் நீலமுமான களிம்பை உண்டாக்கும். பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமும் உலோகத்துக்கு நண்பனன்று. வாளியிலிருந்து சிந்தும் பாலோ, உலர்ந்தபின் மின்சாரம் புகாத இரப்பர்த் தோலாகிவிடும். பிரேக் ஸ்விட்சின் முனையில் அத்தோல் படிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மூட்டுகளைத் துலக்குவதே முதல் மருத்துவம். சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றவேண்டும். மாட்டும்போது அதுவே கடைசி. பேட்டரி முனையிலுள்ள வெண்பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். கரைசல் பேட்டரிக்குள் புகாதிருக்க மூடிகள் இறுகியிருக்கட்டும். எர்த் கம்பி சேருமிடத்தில் துருவும் சாயமும் நீங்கிப் பளிச்சென உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்கவும். இறுக்கிய பின்னர் மேலே வாசலின் பூசுக. கண்ணுக்குத் தூய்மையாகத் தெரியும் காது, உள்ளே கம்பி அரித்துப் பச்சையாகியிருப்பதும் உண்டு. அதனை வெட்டிப் புதுக்காது வைப்பதே முறை.

ரிலேயின் இரு தலைகளையும் திருப்புளியால் இணைத்துப் பார்க்கும் வழக்கம் இளைஞரிடையே உள்ளது. பயனுள்ள சோதனைதான். ஆயினும் அது சாவியையும் நியூட்ரல் ஸ்விட்சையும் கடந்து மோட்டாரை இயக்கிவிடும். கியரில் இருக்கும் வண்டி பாயக்கூடும். தீப்பொறியும் பறக்கும். பெட்ரோல் கசியும் வண்டியில் இதனை அறவே செய்யலாகாது.

பட்டறைக்குச் செல்ல நேர்ந்தால், ‘சில நேரம் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் கூறாதீர்கள். கோளாறு வண்டி சூடாயிருந்தபோது நேர்ந்ததா, மழைக்குப் பிறகா, ‘டக்’ ஓசை கேட்டதா, விளக்கு மங்கியதா, காலால் உதைத்தவுடன் இயந்திரம் கிளம்பியதா என்பனவற்றைத் தாளில் குறித்துக் கொடுங்கள். அமோனியாப் புட்டியைப் பேட்டரி இருக்கும் பக்கத்தில் தொங்கவிடாமல், மூடியை இறுக்கி, மறுபக்கத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.