கோம்பி வேன் எதனால் எரிகிறது?

நம்பிக்கை: பழைய ஃபோக்ஸ்வாகன் கோம்பிக்கு ரேடியேட்டரே கிடையாது. வெயிலில் மேடேறினால் என்ஜின் கொதித்துத் தீப்பிடித்துவிடும்.

உண்மை: அதிகச் சூடு என்ஜினைக் கெடுக்கும். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கசியும் பெட்ரோலைத்தான். 1950-இல் ஜெர்மனியில் தயாரிப்பு தொடங்கிய இந்த வேனில் என்ஜின் பின்னால் இருக்கிறது. பெட்ரோல் டேங்க் அதற்குச் சற்று முன்னால், மேலே. டேங்கிலிருந்து வரும் ஹோஸ் விட்டுப்போனால், என்ஜினை நிறுத்திய பிறகும் பெட்ரோல் தானாகவே வடியும். பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டரின் தீப்பொறி. கீழே பழுக்கச் சுடும் சைலன்சர்.

நம்பிக்கை: ஹோஸ் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது!

உண்மை: ஏமாறுவது இங்கேதான். பழைய ஜெர்மன் ஹோஸின் மேல் பருத்தி நூல் பின்னியிருக்கும். உள்ளே ரப்பர் வெடித்திருந்தாலும் அந்தப் பின்னல் மறைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ரப்பரை இன்னும் சீக்கிரம் அரிக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்ததே சாதாரண பெட்ரோல். வண்டிக்குப் புதுப் பெயின்ட், புதுத் திரைச்சீலை என்று செலவழிப்பவர்கள் ஒரு மீட்டர் ஹோஸுக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்காத கஞ்சத்தனம். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள், கிளாம்பையும் மாற்றுங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளை முனையையும் ஆட்டிப் பாருங்கள். அதில் மரை கிடையாது, அழுத்திச் செருகியதுதான். பல வருட அதிர்வில் கழன்று வரும். பிளாஸ்டிக் ஃபில்டரை அந்த ஹோஸிலேயே தொங்கவிட்டால், அதன் எடையும் சேர்ந்து இழுக்கும். ஃபில்டருக்கு இடம் என்ஜின் அறைக்கு வெளியே, டேங்க் பக்கம்.

நம்பிக்கை: சீட்டுக்கு அடியில் தீயணைப்பான் வைத்திருக்கிறேன், போதும்.

உண்மை: தீ பின்னால், ஓட்டுபவர் முன்னால். பின்னால் வருபவர் ஹாரன் அடித்துச் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். பதறிப்போய் என்ஜின் மூடியை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ சீறும். என்ஜின் அறைக்குள்ளேயே பொருத்தும் தானியங்கி அமைப்பு, சீட்டுக்கு அடியில் இருப்பதைவிட மேல். அதன் குழாய் சூட்டில் உருகித் துளை விழுந்து, அங்கேயே மருந்தைப் பீய்ச்சும். சாவியைத் திருப்பி என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் என்ஜினின் விசிறியே மருந்தை இழுத்து வெளியே தள்ளிவிடும்.

நம்பிக்கை: ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அணையும்.

உண்மை: எரியும் பெட்ரோல் தண்ணீரில் மிதந்து பரவும். போதாததற்கு இந்த என்ஜின்கள் பலவற்றின் உடல் மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் மூர்க்கமாக எரியும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் வண்டியை விடுங்கள். தங்கிப் பயணிக்கும் வேன் என்றால் உள்ளே சமையல் கேஸ் சிலிண்டரும் இருக்கும். எல்லோரையும் இறக்கித் தள்ளி நிறுத்தி, தீயணைப்புப் படையைக் கூப்பிடும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.