கத்தோலிக்கம் என்ற பெயர் எப்போது நீங்குகிறது?
பெல்ஜிய மனநோய் வைத்தியசாலைகளின் கதை



புனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கிய வைத்தியசாலைக்கு நோயாளி ஒருவரை நீங்கள் கூட்டிச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் மாதாவின் சுரூபம் நிற்கிறது. உள்ளே சிற்றாலயம் உண்டு. விறாந்தைச் சுவரிலே பாடுபட்ட சுரூபம் தொங்குகிறது. இவையெல்லாம் இருக்கின்றபடியால் இது கத்தோலிக்க வைத்தியசாலைதான் என்று நீங்கள் நிச்சயமாகச் சொல்லிவிட முடியுமா?

முடியாது என்பதே திருச்சபையின் விடை. சுரூபமும் பெயர்ப்பலகையும் அப்படியே இருக்க, ஒரு நிறுவனம் கத்தோலிக்க நிறுவனம் என்ற நிலையை இழந்துவிடலாம். 2020-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நடந்தது அதுதான். இருநூறு ஆண்டு காலப் பெருமை வாய்ந்த ஒரு துறவற சபையின் மனநோய் வைத்தியசாலைகளை இனிமேல் கத்தோலிக்க நிறுவனங்களாகக் கொள்ள முடியாது என்று வத்திக்கான் அறிவித்தது. ஏன் அப்படி நேர்ந்தது, அதனால் எது மாறியது, எது மாறவில்லை என்பதைக் குடும்பமாக அமர்ந்து வாசித்து அறிந்துகொள்வது நல்லது. நோயும் முதுமையும் வராத வீடு நம்மிடையே இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 216-ஆம் இலக்கத்தில், தகுதியுள்ள திருச்சபை அதிகாரியின் சம்மதமின்றி எந்த முயற்சியும் 'கத்தோலிக்க' என்ற பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. 300-ஆம் இலக்கம் சங்கங்களுக்கும் 803-ஆம் இலக்கம் பாடசாலைகளுக்கும் இதையே கூறுகின்றன. ஆகவே இந்தப் பெயர் நாமாக எடுத்துக்கொள்ளும் அலங்காரமன்று. திருச்சபை தன் பெயரை நம்பி ஒப்படைக்கிறது. ஒப்படைத்த பெயரை அது திரும்பப் பெறவும் கூடும்.

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு 1960-ஆம், 1961-ஆம் ஆண்டுகள் உடனே நினைவுக்கு வரும். அரசாங்கம் சட்டமியற்றி நம் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற காலம் அது. அன்று திருச்சபையின் கையிலிருந்து வெளி அதிகாரமொன்று எடுத்துக்கொண்டது. புனிதர்களின் பெயரோடு இன்றும் நடைபெறும் அரசாங்கப் பாடசாலைகள் எத்தனையோ உண்டு. பெயர் இருக்கிறது, நிர்வாகம் நம்முடையதல்ல. பெல்ஜியத்தின் கதை வேறு. அங்கே எவரும் வந்து பறிக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தவர்களே விலகிப் போனார்கள். அதனால்தான் அது கூடுதலாக வலிக்கிறது.

இனிக் கதைக்கு வருவோம். பெல்ஜியத்தின் கென்ற் நகரில் பீற்றர் ஜோசப் திறீஸ்ற் என்ற குருவானவர் இருந்தார். 1760-இல் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் பின் அந்நாட்டில் துறவற மடங்கள் மூடப்பட்டு, ஏழைகளையும் நோயாளிகளையும் கவனிப்பாரின்றி விட்டிருந்த காலம். அவர் 1803-இல் அருட்சகோதரிகளுக்கென ஒரு சபையையும், 1807-இல் அருட்சகோதரர்களுக்கென ஒரு சபையையும் நிறுவினார். பின்னையதே பிறரன்புச் சகோதரர் சபை. அவர் தொடங்கிய அருட்சகோதரிகள் சபை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டின் காலி நகருக்கும் வந்து பணியாற்றியது. ஆகவே அந்தக் குருவானவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

கென்ற் நகரில் பழைய கற்கோட்டை ஒன்று உண்டு. 'பிசாசு ஜெறாட்டின் கோட்டை' என்பது அதன் பெயர். மனநோயாளிகளை அந்தக் கோட்டையின் நிலவறைகளில் சங்கிலியிட்டு வைத்திருந்தார்கள். 1815-இல் திறீஸ்ற் அடிகளாரும் அவருடைய சகோதரர்களும் அந்த நோயாளிகளின் பொறுப்பை ஏற்று, சங்கிலிகளைக் கழற்றினார்கள். 1828-இல் யோசப் கிஸ்லேன் என்ற இளம் வைத்தியர் அவரோடு சேர்ந்தார். மனநோயாளி ஒரு குற்றவாளியல்லன், அடைத்து வைக்கப்பட வேண்டிய மிருகமுமல்லன், குணப்படுத்தப்பட வேண்டிய நோயாளி என்பது இருவரின் கொள்கையுமாயிற்று. ஒழுங்கான வேலை, காற்றோட்டமான அறை, அன்பான பேச்சு ஆகியவற்றை மருந்தாகக் கொண்டார்கள். 1857-இல் கிஸ்லேனின் திட்டப்படி கென்ற் நகரில் கட்டப்பட்ட மனநோய் வைத்தியசாலை இன்னும் இருக்கிறது. 1986-இலிருந்து அங்கே ஒரு நூதனசாலையும் உண்டு.

சங்கிலியைக் கழற்றிய இந்தச் சபையைத்தான் மனதில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். பின்னர் நடந்ததை அதன் ஒளியிலேயே பார்க்க வேண்டும்.

பெல்ஜியம் 2002-இல் கருணைக் கொலையைச் சட்டபூர்வமாக்கியது. குணமாக்க முடியாத நோயினால் தாங்க முடியாத, தணிக்க முடியாத துன்பம் அடைபவர் தாமாகக் கேட்டால், வைத்தியர் அவருடைய உயிரை முடித்து வைக்கலாம் என்பது அச்சட்டம். அத்துன்பம் உடலைச் சார்ந்ததாகவும் இருக்கலாம், மனதைச் சார்ந்ததாகவும் இருக்கலாம். மரணம் நெருங்காத நோயாளியென்றால் மேலதிகமாக இன்னொரு நிபுணரின் அபிப்பிராயமும், ஒரு மாத காலக் காத்திருப்பும் வேண்டும். 2014-இல் இச்சட்டம் சிறுவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இக்காலத்தில் பிறரன்புச் சகோதரர்களின் எண்ணிக்கை பெல்ஜியத்தில் குறைந்துவிட்டிருந்தது. ஏறக்குறைய 5,000 நோயாளிகளைப் பராமரிக்கும் 15 மனநோய் வைத்தியசாலைகள் ஒரு சங்கத்தின் கீழ் நடைபெற்றன. அதன் நிர்வாக சபையில் பெரும்பான்மையினர் பொதுநிலையினர், துறவிகள் சிலரே. பொதுநிலையினர் நிர்வகிப்பதில் தவறொன்றுமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமே அவர்களை முன்வரும்படி அழைத்தது. ஆனால் நிறுவனத்தின் உயிரை யார் காப்பது என்ற கேள்வி அப்போது கூர்மையாகிறது. கட்டிடத்தை ஒப்படைப்பது இலேசு; அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த விசுவாசத்தை ஒப்படைப்பது இலேசல்ல.

2017-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அந்த நிர்வாக சபை ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. மரணத்தறுவாயில் இல்லாத மனநோயாளிகளுக்கும், கடுமையான நிபந்தனைகளின் கீழ், தங்கள் வைத்தியசாலைகளுக்குள்ளேயே கருணைக் கொலை செய்யப்படலாம் என்பது அதன் சாரம். அதுவரை அச்சுவர்களுக்குள் அதற்கு இடமிருந்ததில்லை.

நிர்வாக சபையினரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. உயிர் பாதுகாக்கப்பட வேண்டிய பெரிய பெறுமதி என்று அவர்களும் எழுதினார்கள். நோயாளியின் சுயவிருப்பம், பராமரிப்பவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு என்பவற்றை அதோடு சேர்த்து நிறுத்தார்கள். எல்லா வழிகளையும் முயன்ற பின்னரே, மிக அவதானமாகவே அது நடக்கும் என்றார்கள். நாட்டுச் சட்டத்தின் நெருக்குதலும் இருந்தது. கருணைக் கொலைக்கு இடமளிக்க மறுத்த கத்தோலிக்க முதியோர் இல்லமொன்றுக்கு 2016-இல் லூவன் நீதிமன்றம் 6,000 யூரோ செலுத்தும்படி தீர்ப்பளித்திருந்தது.

ஆனாலும் அவர்களுடைய நியாயத்தில் ஒரு விரிசல் உண்டு. உயிர் பெரிய பெறுமதி, ஆனால் முழுமுதலான பெறுமதியல்ல என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு அது தராசின் ஒரு தட்டில் வைக்கப்படும் பொருளாகிவிடுகிறது. மறுதட்டில் எதை வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதை மனிதர் தீர்மானிக்கத் தொடங்குகிறார்கள். அதிலும் மனநோயாளியின் விடயத்தில் இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. 'நான் இருந்து என்ன பயன், நான் சாகவேண்டும்' என்ற எண்ணம் கடும் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சல்காரனின் உடல் கொதிப்பதுபோல மனச்சோர்வுள்ளவரின் உள்ளம் அதைச் சொல்கிறது. நோய் பேசுகிறதா, மனிதர் பேசுகிறாரா என்று எந்த வைத்தியர் பிரித்தறிவார்? பல ஆண்டுகள் இருளில் கிடந்து பின் எழுந்து நடமாடியவர்களை நாமே நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

சபையின் அப்போதைய உலகத் தலைவர் அருட்சகோதரர் றெனே ஸ்ரொக்மன் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவரும் பெல்ஜியர்; மனநோயாளர் பராமரிப்பிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். விடயம் வத்திக்கானுக்குச் சென்றது. 2017 ஆகஸ்ட் மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ், அந்தக் கொள்கையை மாத முடிவுக்குள் கைவிடும்படியும், நிர்வாக சபையிலிருந்த துறவிகள் திருச்சபையின் போதனையை முழுமையாக ஏற்பதாகக் கையொப்பமிடும்படியும் பணித்தார். சபையின் உறுப்பினரும் ஐரோப்பியக் கவுன்ஸிலின் முன்னாள் தலைவருமான ஹேர்மன் வான் றொம்பை, உரோமை பேசிவிட்டால் விவகாரம் முடிந்தது என்ற காலம் எப்போதோ போய்விட்டதென்று பகிரங்கமாகக் கூறினார். செப்ரெம்பரில் நிர்வாக சபை தன் நிலைப்பாட்டிலேயே நிற்பதாக அறிவித்தது.

உரோமை உடனே இடியாக இறங்கிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சுவார்த்தைகள் நடந்தன. ஒல்லாந்து ஆயர் யான் ஹென்றிக்ஸ் அப்போஸ்தலிக்க விசாரணையாளராக அனுப்பப்பட்டார். ஏறக்குறைய மூன்று வருடங்கள் கழிந்த பின்னரே, 2020 மார்ச் 30-ஆந் திகதியிட்ட கடிதம் வந்தது. விசுவாசப் போதனைப் பேராயத்தின் தலைவர் கர்தினால் லடாரியா அதில் கையொப்பமிட்டிருந்தார். நிர்வாக சபையின் அறிக்கையில் இறைவனைப் பற்றியோ, வேதாகமத்தைப் பற்றியோ, மனிதனைப் பற்றிய கிறீஸ்தவ நோக்கைப் பற்றியோ எதுவுமில்லை என்று கடிதம் சுட்டிக்காட்டியது. ஆழ்ந்த துயரத்தோடு எடுக்கப்பட்ட முடிவு என்றும் கூறியது. அதற்கு இரண்டு வாரங்கள் முன்னர், மார்ச் 15-ஆந் திகதிச் சட்டத்தின் மூலம், எந்த நிறுவனமும் தன்னிடம் பணிபுரியும் வைத்தியரைக் கருணைக் கொலை செய்யவிடாது தடுக்க முடியாதென பெல்ஜியம் விதித்திருந்தது. இருபுறமும் கதவுகள் ஒரே மாதத்தில் சாத்தப்பட்டன.

இத்தகைய முடிவு புதுமையன்று. ஐக்கிய அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் இரக்கத்தின் சகோதரிகள் 1895-இல் தொடங்கிய புனித சூசையப்பர் வைத்தியசாலையை, அங்கே நடந்த ஒரு கருச்சிதைவின் காரணமாக, 2010 டிசம்பர் 21-ஆந் திகதி ஆயர் ஒல்ம்ஸ்ரெட் கத்தோலிக்க வைத்தியசாலையல்ல என அறிவித்தார். திவ்விய நற்கருணை சிற்றாலயத்திலிருந்து எடுக்கப்பட்டது; அங்கே திருப்பலி நிறுத்தப்பட்டது. சூசையப்பரின் பெயர் மட்டும் பலகையில் அப்படியே நின்றது.

இப்படியொரு நிலை வரும்போது எது மாறுகிறது? வைத்தியர்கள் அதே வைத்தியர்கள், கட்டில்களும் அவையே. அரசாங்கத்தின் கண்ணில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அங்கே நடப்பதற்குத் திருச்சபை இனிமேல் தன் பெயரால் உத்தரவாதம் தருவதில்லை. விசுவாசிகள் ஏமாறாதிருக்க வேண்டும் என்பதே இதன் முதல் நோக்கம். தண்டனை என்ற எண்ணம் அதற்குப் பின்னால்தான்.

அப்படியானால் கத்தோலிக்க நோயாளி ஒருவர் அங்கே சிகிச்சை பெறலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். பெறலாம். அரசாங்க வைத்தியசாலைக்கு நாம் போவதில்லையா? கத்தோலிக்க வைத்தியரும் தாதியும் அங்கே வேலை செய்யலாமா? செய்யலாம், ஆனால் உயிரை முடித்து வைக்கும் செயலுக்கு உடந்தையாக ஒருபோதும் கைகொடுக்க முடியாது. 2020 செப்ரெம்பரில் வெளியிடப்பட்ட 'நல்ல சமாரித்தன்' என்ற வத்திக்கான் மடல் இதைத் தெளிவாகக் கூறுகிறது. நோயாளியைச் சந்திக்கும் குருவானவரும் அவரைக் கைவிடக் கூடாது. ஆனால் அச்செயலை அங்கீகரிப்பதாகத் தோன்றும் விதத்தில் இறுதி நேரத்தில் அருகில் நிற்கவும் கூடாது என்கிறது. இந்த இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை நோயாளியின் கட்டிலருகே நின்ற எவரும் அறிவர்.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். பல குடும்பங்களில் இதனால் மனச்சாட்சி வருந்துகிறது. சாகும் தறுவாயிலுள்ள அப்பாவுக்கு இனிமேல் இயந்திரம் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொன்னால், அது கருணைக் கொலையா? இல்லை. பயனற்ற, அளவுக்கு மிஞ்சிய சிகிச்சையை நிறுத்துவது வேறு; உயிரைப் போக்குவது வேறு. வலி தணிக்கும் மருந்தினால் ஆயுள் சற்றுக் குறையக்கூடுமென்றாலும், வலியைத் தணிப்பதே நோக்கமாயின் அதைக் கொடுக்கலாம் எனப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே கூறினார். 1980 மே 5-ஆந் திகதி வெளிவந்த வத்திக்கான் பிரகடனமும் அதை உறுதி செய்தது. எனவே அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மகன் குற்ற உணர்வோடு பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட வேண்டியதில்லை. அவருக்குத் தண்ணீரும் ஆகாரமும் கொடுத்து, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, நோயில் பூசுதல் பெறச் செய்தால் அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்.

நம் நாட்டுச் சட்டம் கருணைக் கொலைக்கு இடமளிக்கவில்லை. அதனால் இது வெள்ளைக்காரரின் பிரச்சினை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் மனநோயாளி ஒருவர் உள்ள வீட்டில், கலியாணப் பேச்சு வரும்போது அவரைப் பின்னறையில் இருத்திக் கதவைச் சாத்துவதை நாம் கண்டதில்லையா? 'ஆண்டவர் இவளை எடுத்தால் நல்லது' என்று அவர் காதுபடவே சொல்வதில்லையா? அப்படிக் கேட்டுக் கேட்டு வாழும் ஒருவர் ஒருநாள் தாமாகவே மரணத்தைக் கேட்டால், அதைச் சுயவிருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வத்திக்கானின் கடிதம் பெல்ஜியச் சங்கத்தின் வைத்தியசாலைகளை மட்டுமே பற்றியது. பிறரன்புச் சகோதரர் சபை திருச்சபையில் அப்படியே இருக்கிறது. பிற நாடுகளில் அதன் பணிகளும் தொடர்கின்றன. ஆபிரிக்காவின் றுவாண்டா நாட்டில், தலைநகர் கிகாலிக்கு அருகே உள்ள ந்டேராவில் சகோதரர்கள் தொடங்கிய மனநோய் வைத்தியசாலை 1972-இல் முதல் நோயாளிகளை ஏற்றது. 1994-ஆம் ஆண்டின் இனப்படுகொலையில் அங்கு தஞ்சமடைந்தவர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். அதன் பின் அவ்வைத்தியசாலை மீண்டும் திறக்கப்பட்டது. கண்ட காட்சிகளால் சித்தம் கலங்கிய மக்கள் அதன் வாசலுக்கே வந்தார்கள்.