எலிக்கு வலித்தால் போதாது

வலி மருந்தியலுக்கு வரும் இளையவர்கள், "எந்த ஏற்பியை எடுத்துக்கலாம் சார்?" என்று கேட்கிறார்கள். எந்த விலங்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன்.

நான் நுழைந்த காலத்தில் எல்லோர் கண்ணும் சப்ஸ்டன்ஸ் பி மேல். 1931இல் ஆய்லரும் காடமும் குதிரையின் மூளையிலும் குடலிலும் கண்டெடுத்த பெப்டைடு. 11 அமினோ அமிலங்கள். வலியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் நரம்புகளில் இருக்கிறது; ஆகவே அதன் என்கே1 ஏற்பியை அடைத்தால் வலி அடங்கும் என்று கணக்குப் போட்டோம். 1991இல் ஃபைசரின் சிபி-96345 வந்தது. எலிகளுக்கு வலி குறைந்தது. துறையே கொண்டாடியது.

பிறகுதான் சங்கடம். மனித ஏற்பியில் இறுகப் பிடிக்கும் அந்த மருந்து எலியின் ஏற்பியில் சரியாகப் பிடிப்பதில்லை. 116, 290 ஆகிய இரண்டே இடங்களில் அமினோ அமிலம் வேறு, அவ்வளவுதான் காரணம். அப்படியென்றால் எலிக்கு வலி குறைந்தது எப்படி? ஏற்பியைத் தொடாத அதன் கண்ணாடிப் பிம்ப மூலக்கூறைக் கொடுத்தார்கள், அப்போதும் குறைந்தது. இரண்டுமே கால்சியம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருந்தன. அதனால் பிம்ப வடிவம் கையில் இல்லாமல் சோதனையைத் தொடங்காதீர்கள். என்கே1 என்றால் எலியை விட்டுவிட்டு ஜெர்பிலையோ கினிப்பன்றியையோ எடுங்கள்.

ஆய்வக மேசை வேலையிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கட்டுரைகளில் அரை வரிகூட வராதவை. சப்ஸ்டன்ஸ் பி-யின் வால் நுனியில் மெத்தியோனின் இருப்பதால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். மிக நீர்த்த கரைசலில் பெப்டைடு குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஆல்புமின் சேருங்கள். கினிப்பன்றிக் குடல் துண்டில் அடுத்தடுத்து மருந்து விட்டால் ஏற்பி மரத்துப்போகும். கழுவி, காத்திருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஒரு கருத்தரங்கு. இரவு சாப்பிட்ட இடத்தில் சமையல்கட்டில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதுகைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு வருசமா ஆராயிறியள், நோவுக்கு ஒரு குளிசை வந்திட்டுதோ ஐயா?"

"இல்லை அண்ணை, வாந்திக்குத்தான் வந்தது."

சிரித்துவிட்டார். விளையாட்டுப் பதில் இல்லை அது. மனிதர்களின் வலியில் என்கே1 மருந்துகள் வரிசையாகத் தோற்றன. அவற்றில் ஒன்றான அப்ரெபிடான்ட், 2003இல் அமெரிக்காவில் கீமோதெரபி வாந்திக்கு அனுமதி பெற்றது. எத்தனையோ புற்றுநோயாளிகள் அதனால் சிகிச்சையைத் தாங்குகிறார்கள். இதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றைத் தலைவலியில் நடந்தது நேர்மாறு. 1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் வலி வந்த நேரத்தில் நோயாளிகளின் கழுத்துச் சிரை ரத்தத்தை எடுத்து அளந்தார்கள். சிஜிஆர்பி என்ற இன்னொரு பெப்டைடு ஏறியிருந்தது, சப்ஸ்டன்ஸ் பி ஏறவில்லை. முதலில் மனிதரைப் பார்த்ததால் எந்தப் பெப்டைடைத் துரத்துவது என்று தெரிந்தது. அதன் பிறகும் பாதை நேராக இல்லை: சிஜிஆர்பி ஏற்பியை அடைக்கும் டெல்ககெபான்ட் கல்லீரலைப் பாதித்து 2011இல் கைவிடப்பட்டது, அதே ஏற்பியைத் தடுக்கும் எரெனுமாப் 2018இல்தான் வந்தது.

ஆகவே ஆய்வுத் திட்டம் எழுதும் முன், பக்கத்து மருத்துவமனையின் தலைவலிப் பிரிவிலோ வலிப் பிரிவிலோ வெளிநோயாளி நாளில் ஒரு மூலையில் உட்கார அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.