பேலம் குகை தந்த பாடம்

மழை நீர் மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். இறங்கிய நீர் அங்கே என்ன செய்கிறது என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்புச் சிலருக்கே கிட்டும். எங்கள் துறை மாணவர்கள் மேற்கொண்ட கல்விச் சுற்றுலா எனக்கு அவ்வாய்ப்பை அளித்தது. ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில் (2022 வரை கர்நூல் மாவட்டம்) கொலிமிகுண்டலா அருகே உள்ள பேலம் குகையே நாங்கள் கண்ட இடம்.

எனது ஊர் மூலனூர். அங்கு நிலத்தடியில் கிடப்பது நீரில் எளிதில் கரையாத கடினப் பாறை. ஆதலால் இத்தகைய குகைக்கு அங்கே இடமில்லை. எனினும் பேலத்தின் கல் நமக்குப் புதியதன்று. நம் வீடுகளில் சமையல் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் பதித்திருக்கும் கடப்பாக் கல், அச்சுண்ணாம்புப் பாறையின் உறவுக் கல்லே. தாடிபத்திரியிலிருந்து குகைக்குச் செல்லும் சுமார் 30 கிலோமீட்டர் வழியில், இக்கல்லைப் பலகைகளாக அறுத்து அடுக்கி வைத்திருப்பதைப் பேருந்திலிருந்தே பார்த்தோம்.

குகை உண்டாகும் விதம்

கடப்பாக் கல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அவ்விடம் பளபளப்பு இழந்து வெளுத்துப் போவதை நம் தாய்மார்கள் அறிவர். புளிப்பு, கல்லை அரித்துவிடுகிறது. குகையின் பிறப்பும் இதுவே. மழை நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, வலிமை குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கும்போது, கரையாத கால்சியம் கார்பனேட்டைக் கரையும் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றி எடுத்துச் செல்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு பல்லாயிரம் ஆண்டுகளில் மனிதர் நடக்கும் வழியாக விரிகிறது.

கரைத்த நீரே மீண்டும் கட்டவும் செய்கிறது. குகையின் கூரையில் துளிக்கும் நீர் கரியமில வாயுவை வெளியே விட்டவுடன், சுண்ணாம்பு படிகிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. துளி விழும் தரையிலிருந்து எழுவது கல்முளை. இரண்டும் இணைந்தால் கல்தூண். இடத்திற்கு இடம் வேறுபட்டாலும், கல்விழுது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளர்கிறது. நாம் மூன்றாண்டுகள் படித்துப் பட்டம் பெறுவதற்குள் அது வளர்வது, பனியன் தைக்கும் நூலின் பருமன்தான்!

குகைக்குள்

குகை என்றதும் மலையை எதிர்பார்த்த எங்களுக்கு முதலில் வியப்பே காத்திருந்தது. எதிரே தெரிந்தது சமநிலம். அதில் கிணறு போன்ற பள்ளங்கள். நடுப் பள்ளத்தில் படிக்கட்டு வழியாக இறங்கினோம். உள்ளே வெளிக் காற்றைக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். ஆயினும் புழுக்கம் மிகுதி. வழிகாட்டி தெலுங்கில் விளக்கினார். வீட்டில் தெலுங்கு பேசும் தோழி ஒருத்தி எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள்.

சிங்க முகம் போன்ற வளைவு 'சிம்மத் துவாரம்'. எண்ணற்ற இலிங்கங்கள் போன்ற படிவுகள் நிறைந்தது 'கோடி லிங்காலு'. நாகம் படமெடுத்தாற்போல் விரிந்த கூரைக்கு 'வேயி படகலு', அதாவது ஆயிரம் படங்கள், என்று பெயர். "பெயர் நாம் வைத்தது, உருவம் நீர் செய்தது. இரண்டையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதுங்கள்" என்றார் எங்கள் பேராசிரியர். கல்விழுதுகளைத் தொடவேண்டாம் என்றும் எச்சரித்தார். கையிலுள்ள எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் புதிய சுண்ணாம்பு எளிதில் ஒட்டாது; வளர்ச்சி தடைப்படும்.

மிக ஆழமான இடம் 'பாதாள கங்கை'. நிலமட்டத்திற்குக் கீழே 46 மீட்டர். அங்கே சிறு ஓடை ஒன்று வற்றாமல் ஓடிப் பாறைக்குள் மறைகிறது. அது சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேலம் கிராமத்துக் கிணற்றுக்குச் செல்வதாக அவ்வூரார் நம்புகின்றனர் என்று வழிகாட்டி சொன்னார். என் மனத்தில் ஆழப் பதிந்த செய்தி இதுவே.

குகையின் வரலாறு

1884இல் இக்குகையைப் பற்றி எழுதி உலகறியச் செய்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே அறிஞர்தான் இவர். பின்னர் 1982-83இல் ஜெர்மானியரான டேனியல் கெபாவர் குழுவினர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். அறியப்பட்ட நீளம் 3,229 மீட்டர். மக்கள் நடந்து காண்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். புத்தத் துறவியர் இங்குத் தங்கியதற்கான தடயங்களும் கிடைத்துள்ளன.

இத்தகைய இடம் ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தின் குப்பைக் குழியாக இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? ஊர் மக்கள் சிலரும் சுற்றுலாத் துறையினரும் சேர்ந்து உழைத்த பிறகே அது துப்புரவாகி, 2002இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

நாம் கொள்ளவேண்டியது

பள்ளத்தைக் கண்டால் குப்பையைக் கொட்டுவது பேலத்தாரின் பழக்கம் மட்டுமா? நம் தாராபுரம் வட்டாரத்திலும் நீர் வற்றிய பழங்கிணறுகள் குப்பையால் நிரம்புவதைக் காண்கிறோம். "தண்ணீர் இல்லாத கிணறுதானே" என்பது நாம் சொல்லும் சமாதானம். ஆனால் கிணறு வற்றினாலும் அதன் பாறை வெடிப்புகள் அடைபடுவதில்லை. அடுத்த மழையில் குப்பையின் சாறு அவ்வெடிப்புகள் வழியாகவே இறங்கி, பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றை எட்டக்கூடும். பேலத்தில் அந்த வழி விளக்கொளியில் கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே தெரிவதில்லை. அவ்வளவே வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாததால் நேரும் தீங்கைத் திருப்பூர் மாவட்டம் நன்கு அறியும். சாயக் கழிவு நொய்யலையும் அதன் கரையோரக் கிணறுகளையும் கெடுத்து, 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. அந்நாளில் உழவரும் துன்புற்றனர். வேலையிழந்த தொழிலாளரும் துன்புற்றனர்.

ஆகவே மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பழங்கிணறுகளை ஒரு முறை எட்டிப் பாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு கிணற்றையேனும் தூர்வாரி, மணலும் சல்லியும் இட்ட வடிகுழி வழியாகத் தெளிந்த மழை நீரை அதில் இறக்குவோம். கல்லைக் கரைத்துக் குகையாக்கிய நீருக்கு, நம் கிணற்றை மீண்டும் நிரப்பவும் தெரியும். அதற்கு வழிவிடுவதே நம் கடமை.