கடலடி வண்டல் திருப்பித் தரும் உரம்

வயலுக்கு இட்ட உரம் முழுவதும் பயிருக்குச் சேர்வதில்லை. எஞ்சியது மழைநீரோடு ஆற்றில் கலந்து கடலை அடைகிறது. அங்கே அது கரைந்து மறைந்துவிடுவதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. கடலடி வண்டல் அவ்வுரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. உரிய நிலை வாய்க்கும்போது மீண்டும் நீருக்கே தருகிறது. வண்டல் என்னும் சொல் நம் செவியில் வளம் என்றே ஒலிக்கும். அவ்வளமே வினையாகும் ஓரிடத்தை, வடஐரோப்பாவின் பால்டிக் கடலை, இங்கு நாம் காண்போம்.

பால்டிக் கடல் ஏறத்தாழ 4 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. எனினும் அதன் சராசரி ஆழம் 55 மீட்டர் அளவினதே. ஒன்பது நாடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. டென்மார்க்கை ஒட்டிய ஆழமற்ற நீரிணைகளே பெருங்கடலுக்குச் செல்லும் வாயில். ஆதலின் கடல்நீர் முழுவதும் மாறுவதற்கு 30 ஆண்டுகள் வரை ஆகின்றன. ஆறுகள் தரும் நன்னீர் மேலடுக்காகவும், உப்பு மிகுந்த கனநீர் கீழடுக்காகவும் நிற்கின்றன. காற்றிலிருந்து மேலடுக்கில் கலக்கும் உயிர்வளி கீழடுக்கை எளிதில் எட்டுவதில்லை.

இனி வண்டலுக்குள் நிகழ்வதைப் பார்ப்போம். உயிர்வளி உள்ளவரை, வண்டலின் மேற்பரப்பில் இரும்பானது துருவின் வடிவில் மெல்லிய பழுப்புப் படலமாக விளங்கும். நீரிலுள்ள பாஸ்பேட்டை இத்துருவே பற்றிக்கொள்கிறது. மடிந்த பாசிகள் அடியில் வீழ, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் உயிர்வளியைச் செலவிடுகின்றன. அது தீர்ந்ததும் துரு கரைகிறது. பிடிபட்டிருந்த பாஸ்பேட்டு விடுபட்டு மேலெழுகிறது. பிறகு தோன்றும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்பைக் கரிய சேர்மமாக மாற்றிவிடுவதால், பாஸ்பேட்டை மீண்டும் பற்றுவதற்கு இரும்பும் எஞ்சுவதில்லை. கிளிஃபர்ட் மார்ட்டிமர் என்னும் ஆங்கில அறிஞர் ஏரிச் சேற்றைத் தொட்டிகளில் இட்டு ஆராய்ந்து, இவ்வுண்மையை 1941, 1942ஆம் ஆண்டுகளில் விளக்கியுள்ளார்.

நைட்ரஜனின் போக்கு வேறு. வண்டல் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. எனவே நீரில் பாஸ்பரஸ் மிகுந்து நைட்ரஜன் குறைகிறது. பிற பாசிகள் இதனால் தளரும். காற்றின் நைட்ரஜனைத் தாமே பயன்கொள்ளவல்ல நீலப்பச்சைப் பாசிகளோ கோடையில் செழித்துப் படர்கின்றன. அவை மடிந்து வீழ, உயிர்வளி மேலும் குறைய, வண்டல் மேலும் பாஸ்பேட்டை விடுகிறது. இது ஒரு நச்சுச் சுழல்.

பால்டிக் நாடுகள் வாளாவிருக்கவில்லை. 1974இல் ஹெல்சிங்கி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1980களோடு ஒப்பிடின், நிலத்திலிருந்து வரும் பாஸ்பரஸ் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளது. ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கு முன் 5,000 சதுர கிலோமீட்டராக இருந்த உயிர்வளி குன்றிய பரப்பு 60,000க்கும் மேலாக விரிந்துவிட்டது. முன்னோர் இட்ட உரத்தை வண்டல் இன்றும் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. 2014 டிசம்பரில் பெருங்கடலின் உப்புநீர் பெருமளவில் புகுந்து ஆழங்களுக்கு உயிர்வளி கொணர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அதுவும் செலவாயிற்று. காட் மீனின் முட்டைகள் மிதப்பதற்குப் போதிய உப்பு வேண்டும். அவ்வுப்பு உள்ள ஆழத்திலோ உயிர்வளி அரிது. கிழக்குப் பால்டிக்கில் காட் மீன்பிடிப்பை ஐரோப்பிய ஆணையம் 2019இல் தடை செய்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டாக்ஹோம் அருகே ஒரு சிறு குடாவில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் அலுமினியக் கரைசலை வண்டலுக்குள் செலுத்தினர், பாஸ்பரஸ் குறைந்தது. குடாவுக்கு ஏற்றது முழுக்கடலுக்கும் இயலும் என நாம் கருதவில்லை. நிலத்தில் உரத்தைக் குறைப்பதே முதற்பணி.

அதே கடலின் வடகோடியாகிய போத்னியா விரிகுடாவில் நிலை வேறு. அங்கே ஆழநீரிலும் உயிர்வளி உண்டு. ஆறுகள் கொணரும் இரும்பும் மிகுதி. அவ்வண்டல் தான் வாங்கிய பாஸ்பேட்டை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது.