தனித்துக் கற்போர்க்கு ஓர் இணையப் பாடம்



இணையப் பக்கங்களை நாள்தோறும் பார்க்கின்றோம். அவை எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஆசிரியர் துணையின்றி அக்கலையைக் கற்கத் தொடங்கியவன் நான். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை என் ஊர். இடுக்கி மலைமேல் உள்ள வட்டவடை என் நண்பர் ஊர். இரண்டிலும் தமிழ் பேசுவோர் மிகுதி. நம் ஊர்ச் செய்தியை நம் எழுத்திலேயே தரும் பக்கம் ஒன்று வேண்டும் என்னும் ஆவலே என்னை இத்துறைக்கு ஈர்த்தது. நான் கற்ற வரிசையை இங்கே கூறுகின்றேன்.

இணையப் பக்கம் இருவகைப்படும். நிலையான பக்கம் அச்சிட்ட துண்டறிக்கை போன்றது; எவர் கேட்டாலும் அதே தாளைத்தான் நீட்டும். மாறும் பக்கமோ, ஏட்டைப் புரட்டிப் பார்த்து, கேட்டவர்க்கு வேண்டிய விடையை அப்போதே எழுதித் தரும் கணக்கரைப் போன்றது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இவ்வகையைச் சேர்ந்தது. அதில் நீங்கள் ஒரு சொல்லைத் திருத்தினால், அடுத்து வருபவர் திருத்திய பக்கத்தையே காண்பார்.

மாறும் பக்கத்திற்கு மூன்று உறுப்புகள் தேவை. பக்கத்தின் வடிவைச் சொல்வது எச்.டி.எம்.எல். செய்திகளை வரிசையாகக் காப்பது தரவுத்தளம். இரண்டையும் இணைப்பது நிரல். விளைபொருள் விலைப் பக்கம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஊர், பொருள், நாள், விலை என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை தரவுத்தளத்தில் இருக்கின்றது. வட்டவடைப் பூண்டு, மறையூர் வெல்லம், கொழிஞ்சாம்பாறைத் தேங்காய் ஆகியவை அதன் வரிகள். படிப்பவர் ‘வட்டவடை’ என்று தேர்ந்தால், நிரல் அட்டவணையை வினவி, அவ்வூர் வரிகளை மட்டும் எடுத்து, பக்கத்தின் வடிவில் இட்டு அனுப்புகின்றது. நூறு நாள் விலை சேர்ந்தாலும் பக்கம் ஒன்றே. மாறுவது தரவு மட்டுமே. இது விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நிரலுக்கு நான் தேர்ந்த மொழி பி.எச்.பி. அதனை ஆக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பெருமொழி படைக்கும் எண்ணத்துடன் தொடங்கவில்லை. தம் சொந்தப் பக்கத்தின் தேவைக்காக 1994இல் எழுதிய சிறு கருவிகளே பின்னர் ஒரு மொழியாக வளர்ந்தன. தானே கற்போன் இதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தேவை சிறிதாயினும் உண்மையானதாய் இருந்தால் கல்வி தானே வளரும்.

தமிழில் எழுதுவோர்க்குத் தனிப் பாடம் ஒன்று உண்டு. ‘மூணாறு’ என்பதில் நம் கண்ணுக்குத் தெரிவன மூன்று எழுத்துகள். யூனிகோடு முறையிலோ உயிர்க்குறியும் தனியே எண்ணப்படுவதால் அவை ஆறு குறியெண்கள், யு.டி.எஃப்-8 முறையில் பதினெட்டு பைட்டுகள். பைட்டை எண்ணிச் சொல்லை வெட்டினால் எழுத்து உடையும். தரவுத்தளம் யூனிகோடு ஏற்காத முறையில் அமைந்திருந்தால், ஊர்ப்பெயர் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே யூனிகோடு முறையை அமைத்துவிடுக. பெயர் சிதையாமல் இருப்பது சிறு செய்தியன்று. எல்லைப்புறத் தமிழர்க்கு அது மிக வேண்டிய ஒன்று.

காவலும் வேண்டும். ஊர்ப்பெயர் கேட்கும் கட்டத்தில் தீயவன் ஒருவன், ‘ஏட்டைக் கிழித்தெறி’ என்னும் பொருளில் ஒரு கட்டளையை எழுதினால் என்னாகும்? அதனை அப்படியே வினவலோடு ஒட்டினால் அட்டவணையே அழியக்கூடும். வினவலை முன்னரே ஆயத்தம் செய்து, வந்த சொல்லை வெறும் மதிப்பாக மட்டுமே தனியே சேர்த்தல் வேண்டும்.

“மலையில் அலைவரிசை கிடைப்பது அரிது, எவ்வாறு பழகுவது?” என்று நண்பர் கேட்டார். வழங்கி, பி.எச்.பி., தரவுத்தளம் ஆகிய மூன்றையும் விலையின்றிப் பெற்று நம் கணினியிலேயே நிறுவலாம். ஒருமுறை பதிவிறக்கிவிட்டால், இணையத் தொடர்பின்றியே எழுதலாம், இயக்கலாம், பிழை திருத்தலாம்.

தோழர்களே! பத்து நூல்களைப் படித்து முடித்தபின் தொடங்குவோம் என்று காத்திராதீர். உங்கள் ஊர்க்குப் பயன்படும் அட்டவணை ஒன்றை இன்றே வரைக. நான்கு பத்திகள் போதும். ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுக.